உதட்டோரப் புண்

வாயைத் திறந்தால் சுரீர் என்கிறது. உதட்டின் இரண்டு ஓரமும் சிவந்து வெடித்திருக்கிறது. கொட்டாவி விட்டால் வெடிப்பு பிளக்கிறது. காரச் சட்னி பட்டால் கண்ணில் நீர் வருகிறது.

இதைக் கடைவாய்ப் புண் என்றும் வாயோரப் புண் என்றும் சொல்வார்கள். யாருக்கும் வரலாம். ஆனால் கர்ப்பிணிப் பெண்களுக்கும் பால் கொடுக்கும் தாய்மார்களுக்கும் இது எளிதில் வரும். வந்தால் ஒரு முறையோடு போவதில்லை. களிம்பு தடவினால் ஆறும். சில நாள் கழித்து அதே இடத்தில் மறுபடி வெடிக்கும்.

"உடம்பு சூடு, வேறொன்றுமில்லை. மோர் குடி. மணத்தக்காளிக் கீரை சாப்பிடு" என்று வீட்டில் பெரியவர்கள் சொல்வார்கள். அவர்கள் சொல்லும் காரணம் சரியல்ல. ஆனால் சொல்லும் மருந்தில் பாதி சரிதான். அது எப்படி என்று பார்ப்போம்.

டெய்ரி ஃபார்மில்

அந்தமானில் டெய்ரி ஃபார்ம் என்று ஓர் ஊர்ப் பகுதி இருக்கிறது. போர்ட் பிளேர் நகரைச் சேர்ந்தது. அந்த நகருக்கு 2024 செப்டம்பரில் ஸ்ரீ விஜயபுரம் என்று புதுப் பெயர் வைத்தார்கள். டெய்ரி ஃபார்ம் என்றால் பால் பண்ணை. பெயரில் பால் இருக்கிறது. ஆனால் அங்குள்ள வீடுகளில் கர்ப்பிணியின் டம்ளரிலும் பால் இருக்கிறதா? கடைவாய்ப் புண்ணுக்கும் இந்தக் கேள்விக்கும் தொடர்பு உண்டு.

அந்தமானிலிருந்து சென்னை சுமார் 1,200 கிலோமீட்டர் தூரம். கப்பலில் வர மூன்று நாள் போலாகும். தீவில் கீரை, காய்கள் விளைகின்றன. ஆனால் அவை எல்லாருக்கும் போதாது. வெங்காயம், உருளைக்கிழங்கு, பருப்பு போன்றவை கப்பலில்தான் வரவேண்டும். கடல் கொந்தளித்துக் கப்பல் தாமதமானால் விலை ஏறும். விலை ஏறினால் முதலில் குறைவது யாருடைய தட்டில்? பெரும்பாலும் வீட்டுப் பெண்ணின் தட்டில்தான். கணவருக்கும் பிள்ளைகளுக்கும் போட்டது போக மிச்சம் இருப்பது சோறும் குழம்பும்.

அங்கே ஒரு வீட்டு வாசலில் இப்படி ஒரு பேச்சு நடக்கலாம். அந்தப் பெண்ணுக்கு இது ஆறாம் மாதம். அங்கன்வாடி அக்கா எடை பார்க்க அழைக்க வந்திருக்கிறார்.

"என்னம்மா, வாயைத் திறக்காமலே பேசுறே?"

"கடைவாய் வெடிச்சிருக்குக்கா. போன மாசமும் இப்படித்தான். தேங்காய் எண்ணெய் போட்டேன், போச்சு. மறுபடி வந்துடுச்சு."

"மூச்சு வாங்குதா? படி ஏறினா?"

"வாங்குது. மாசமா இருந்தா அப்படித்தானே?"

"கொஞ்சம் வாங்கும். எங்கே, கண்ணைக் காட்டு. கீழ் இமையை இழு. வெளுத்திருக்கே! மாத்திரை சாப்பிடுறியா?"

"சாப்பிட்டா வயித்தைப் புரட்டுது. கறுப்பா வேற போகுது. பயந்து விட்டுட்டேன்."

"அத்தைகிட்ட சொன்னியா?"

"சொன்னேன். 'எங்க காலத்துல மாத்திரையா சாப்பிட்டோம்'னாங்க."

அக்கா உதட்டைப் பற்றிக் கேட்டார். உடனே மூச்சையும் கண் இமையையும் மாத்திரையையும் கேட்டார். உதட்டில் தெரிவது உதட்டோடு நிற்பதில்லை என்பது அவருக்குத் தெரியும்.

புண் ஏன் வருகிறது?

நம் தோல் தினமும் தேய்கிறது. தினமும் புதிதாக வளர்கிறது. உதட்டிலும் நாக்கிலும் இந்த வேலை மிக வேகமாக நடக்கிறது. அதற்குச் சில சத்துகள் தேவை. வைட்டமின் பி2, ஃபோலிக் அமிலம், பி12, இரும்புச் சத்து ஆகியவை முக்கியமானவை. இவை குறைந்தால் புதுத் தோல் சரியாக வளராது. வாயின் ஓரம் நாள் முழுவதும் அசையும் இடம். எச்சிலில் நனையும் இடம். ஆகவே அங்கேதான் முதலில் வெடிக்கும். வெடித்த இடத்தில் கிருமியும் காளானும் குடியேறும். பிறகு எளிதில் ஆறாது.

வயிற்றில் குழந்தை வளர்கிறது. அதற்கும் இந்தச் சத்துகள் வேண்டும். தாயின் இரத்தத்திலிருந்துதான் அது எடுத்துக்கொள்கிறது. பிறந்த பிறகு தாய்ப்பாலின் வழியாக எடுத்துக்கொள்கிறது. தாய் சாப்பிட்டது போதவில்லை என்றால் தாயின் சேமிப்பு கரைகிறது. களிம்பு புண்ணை மூடும். ஆனால் சேமிப்பை நிரப்பாது. புண் மறுபடி மறுபடி வருவது அதனால்தான்.

இதைக் கண்டறிந்த வரலாற்றில் நம் தமிழ்நாட்டுக்கும் ஒரு பங்கு உண்டு. நீலகிரி மலையில் குன்னூர் இருக்கிறது. அங்கே ஓர் உணவு ஆராய்ச்சி நிலையம் இருந்தது. பின்னாளில் அது ஐதராபாத்துக்கு மாறி, தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் ஆயிற்று. குன்னூரில் இருந்தபோது ஏக்ராய்டு, கிருஷ்ணன் என்ற இரு ஆராய்ச்சியாளர்கள் அரிசிச் சோற்றையே பெரிதும் நம்பி வாழ்ந்தவர்களின் வாய்ப்புண்ணை ஆராய்ந்தார்கள். வைட்டமின் பி2 குறைவுதான் அதற்குக் காரணம் என்று 1936இல் எழுதினார்கள்.

அதற்கும் முன்னால், 1928இல், இங்கிலாந்திலிருந்து லூசி வில்ஸ் என்ற பெண் மருத்துவர் பம்பாய்க்கு வந்தார். அங்கே துணி ஆலைகளில் வேலை செய்த ஏழைப் பெண்கள் கர்ப்பமாக இருக்கும்போது இரத்தம் குறைந்து துன்பப்பட்டார்கள். சிலர் இறந்தும் போனார்கள். இது தொற்று நோயாக இருக்குமோ என்று முதலில் தேடினார்கள். கிருமி எதுவும் கிடைக்கவில்லை. அந்தப் பெண்கள் என்ன சாப்பிடுகிறார்கள் என்று வில்ஸ் பார்த்தார். ஏழ்மையான உணவு. கீரையும் பழமும் பாலும் அரிது. அவர் ஈஸ்டிலிருந்து எடுத்த, விலை மலிவான ஒரு சாற்றைக் கொடுத்துப் பார்த்தார். பெண்கள் தேறினார்கள். 1931இல் இதை அவர் உலகுக்கு அறிவித்தார். அந்தச் சாற்றில் இருந்த சத்துக்கு அப்போது பெயர் கூட இல்லை. ஃபோலிக் அமிலம் என்ற பெயர் 1941இல்தான் வந்தது. இன்று கர்ப்பிணிகளுக்கு அரசு கொடுக்கும் மாத்திரையில் அந்த ஃபோலிக் அமிலம் இருக்கிறது. பம்பாய் ஆலைப் பெண்கள் பட்ட பாட்டிலிருந்து வந்த மாத்திரை அது.

இரத்தம் குறைந்தால் என்ன?

இந்தியாவில் 2019 முதல் 2021 வரை ஒரு பெரிய குடும்ப நலக் கணக்கெடுப்பு நடந்தது. கர்ப்பிணிகளில் 100க்கு 52 பேருக்கு இரத்தசோகை இருப்பதாக அதில் தெரிந்தது. பாதிக்கு மேல்!

இரத்தசோகை உள்ள பெண்ணுக்குக் களைப்பு வரும். மூச்சு வாங்கும். தலை சுற்றும். பிள்ளை எடை குறைந்து பிறக்கலாம். குறை மாதத்தில் பிறக்கலாம். எல்லாவற்றையும் விட ஆபத்து பிரசவ நேரத்தில் இருக்கிறது. பிரசவத்தில் யாருக்கும் இரத்தப் போக்கு உண்டு. நல்ல இரத்தம் உள்ளவர் அதைத் தாங்குவார். ஏற்கனவே இரத்தம் குறைந்தவரால் தாங்க முடியாது. நம் நாட்டில் பிரசவத்தில் தாய்மார்கள் இறப்பதற்கு இரத்தப் போக்கு ஒரு முக்கியக் காரணம்.

கடைவாய்ப் புண் வந்த எல்லாருக்கும் இரத்தசோகை இருக்கும் என்று சொல்ல முடியாது. ஆனால் கர்ப்ப காலத்தில் புண் திரும்பத் திரும்ப வந்தால் இரத்தப் பரிசோதனை கட்டாயம் செய்துகொள்ள வேண்டும்.

சிவப்பு மாத்திரை

கர்ப்பிணிகளுக்கு அரசு சுகாதார நிலையங்களில் இலவசமாகத் தரும் இரும்புச் சத்து மாத்திரை சிவப்பாக இருக்கும். ஒரு மாத்திரையில் 60 மில்லிகிராம் இரும்பும் 500 மைக்ரோகிராம் ஃபோலிக் அமிலமும் உள்ளன. நான்காம் மாதம் தொடங்கி நாளுக்கு ஒன்று, 180 நாள் சாப்பிட வேண்டும். பிள்ளை பிறந்த பிறகும் 180 நாள் சாப்பிட வேண்டும். இந்த இரண்டாவது 180 நாளைத்தான் பலர் மறந்துவிடுகிறார்கள். பிள்ளை பிறந்துவிட்டது, இனி எதற்கு மாத்திரை என்று நினைக்கிறார்கள். பிரசவத்தில் போன இரத்தம் தானாக ஊறிவிடாது.

வயிற்றைப் புரட்டினால் இரவு சாப்பாட்டுக்குப் பின் படுக்கும் முன் சாப்பிடலாம். மலம் கறுப்பாகப் போவது இரும்பின் நிறம். அதற்குப் பயம் வேண்டாம். மாத்திரையோடு டீ, காபி குடிக்கக் கூடாது. முன்னும் பின்னும் ஒரு மணி நேரமாவது இடைவெளி வேண்டும். டீ இரும்பைக் கட்டிப் போட்டுவிடும். சுண்ணாம்புச் சத்து மாத்திரையும் தருவார்கள். அதையும் இதையும் சேர்த்து விழுங்காமல் வேறு வேறு வேளையில் சாப்பிட வேண்டும். எலுமிச்சைச் சாறு, நெல்லிக்காய், கொய்யா இவற்றோடு சாப்பிட்டால் இரும்பு நன்றாக உடலில் சேரும்.

ஒன்றைக் கவனியுங்கள். சிவப்பு மாத்திரையில் வைட்டமின் பி2 இல்லை. அதனால்தான் ஒழுங்காக மாத்திரை சாப்பிடும் சிலருக்கும் உதடு வெடிக்கிறது. பி2 உணவில்தான் வரவேண்டும். உணவில் போதாவிட்டால் மருத்துவர் பி காம்ப்ளெக்ஸ் மாத்திரை தருவார். அதைச் சாப்பிட்டால் சிறுநீர் நல்ல மஞ்சளாகப் போகும். அது மஞ்சள் காமாலை அல்ல. பி2 வைட்டமினின் நிறமே மஞ்சள்தான்.

பி2 எதில் இருக்கிறது?

பாலில் இருக்கிறது. தயிரிலும் மோரிலும் இருக்கிறது. முட்டையில் நிறைய இருக்கிறது. கீரைகளில் இருக்கிறது. மீனிலும் பயறு வகைகளிலும் இருக்கிறது. இப்போது பாட்டி சொன்னதை நினைத்துப் பாருங்கள். மோர் குடி என்றார். மணத்தக்காளிக் கீரை சாப்பிடு என்றார். சூட்டைத் தணிக்க என்று சொன்னார். உண்மையில் அந்த மோரும் கீரையும் சத்தைக் கொடுத்தன. அனுபவம் அவருக்கு வழி காட்டியிருக்கிறது.

தீவில் புதுப் பால் கிடைக்காவிட்டால் பால் பவுடரைக் கரைத்துக் குடிக்கலாம். அதிலும் பி2 உண்டு. பாலை வெயிலில் வைக்காதீர்கள். வெளிச்சம் பட்டால் பி2 அழியும். கீரை சீக்கிரம் வேகட்டும் என்று சிலர் ஆப்பசோடா போடுவார்கள். அதுவும் இந்தச் சத்தைக் கெடுக்கும். நன்றாகத் தீட்டிய வெள்ளை அரிசியில் பி வைட்டமின்கள் தவிட்டோடு போய்விடுகின்றன. மிச்சம் இருப்பதில் ஒரு பங்கு, சோறு வடித்த கஞ்சியில் போகிறது. அந்தக் கஞ்சியைக் கொட்டாமல் உப்புப் போட்டுக் குடிப்பது பழைய வழக்கம். நல்ல வழக்கம். இட்லி மாவு புளிக்கும்போது பி வைட்டமின்கள் கூடுகின்றன. முளைகட்டிய பயறிலும் அப்படியே.

அந்தமானில் மீனுக்குக் குறைவில்லை. சூரை, மத்தி, அயிலை எதுவானாலும் சரி. மீன் சேர்த்துச் சாப்பிட்டால் சோற்றிலும் கீரையிலும் உள்ள இரும்பும் உடம்பில் கூடுதலாகச் சேரும். கொல்லையில் முருங்கை இருந்தால் கப்பலுக்குக் காத்திருக்க வேண்டாம். ஆட்டு ஈரலில் பி2 மிக அதிகம். ஆனாலும் கர்ப்பிணிகள் அதை அடிக்கடி சாப்பிட வேண்டாம். அதில் வைட்டமின் ஏ அளவுக்கு மீறி இருக்கிறது. அது வயிற்றுப் பிள்ளைக்கு ஆகாது.

பிள்ளை பெற்ற பின்

பிரசவம் முடிந்ததும் பத்தியம் தொடங்கும். சுறாப் புட்டு, பூண்டு, கருவாடு கொடுப்பார்கள். இவை நல்ல உணவு. கொடுக்கட்டும். ஆனால் சில வீடுகளில் கீரை கூடாது, முட்டை கூடாது, மோர் கூடாது, பழம் கூடாது என்று அடுக்குவார்கள். தண்ணீரைக் கூட அளந்து கொடுப்பார்கள். இது பெரும் தவறு. பால் கொடுக்கும் தாய்க்குக் கர்ப்ப காலத்தை விட அதிக உணவு வேண்டும். அதிகத் தண்ணீரும் வேண்டும். தாயின் உணவில் பி2 குறைந்தால் தாய்ப்பாலிலும் குறையும். தாயின் உதடு வெடிப்பது மட்டுமல்ல, பிள்ளைக்கும் நட்டம்.

அடுத்த பிள்ளைக்கு மூன்று ஆண்டு இடைவெளி விடச் சொல்வதற்கும் இது ஒரு காரணம். கரைந்த சேமிப்பு நிரம்ப வேண்டும் அல்லவா?

வேறு காரணங்களும் உண்டு. உதடு காய்ந்தால் சிலர் நாக்கால் நக்கிக்கொண்டே இருப்பார்கள். எச்சில் காயும்போது உதடு இன்னும் காயும். மசக்கையில் அடிக்கடி வாந்தி எடுத்தால் புளித்த நீர் உதட்டை அரிக்கும். வாந்திக்குப் பின் வெறும் தண்ணீரால் வாய் கொப்பளிக்க வேண்டும். புது உதட்டுச் சாயம், புதுப் பற்பசை ஒத்துக்கொள்ளாமல் போகலாம். அதை நிறுத்திப் பார்த்தால் தெரிந்துவிடும். வெற்றிலையில் தடவும் சுண்ணாம்பும் உதட்டைப் புண்ணாக்கும். புகையிலையோ பிள்ளைக்கே கேடு. கர்ப்பத்தில் சர்க்கரை நோய் வந்தாலும் வாயோரத்தில் காளான் தொற்று வரும். 75 கிராம் குளுக்கோஸைக் கரைத்துக் குடிக்கச் சொல்லி, இரண்டு மணி நேரம் கழித்து இரத்தத்தைப் பார்ப்பார்கள். 140க்கு மேல் இருந்தால் சிகிச்சை வேண்டும்.

புண்ணுக்குத் தேங்காய் எண்ணெயோ வாசலினோ தடவலாம். கற்பூரம், பற்பசை தடவ வேண்டாம். மருந்துக் கடையில் கேட்டு வாங்கிய முகப்பூச்சுக் களிம்பைத் தடவ வேண்டாம். அவற்றில் சில தோலை மெலிய வைக்கும். இரண்டு வாரத்தில் ஆறாவிட்டால் மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

கொப்புளம் வந்தால் வேறு கதை

இதுவரை சொன்னது வெடிப்பு. வெடிப்பு ஒட்டாது. யாருக்கும் பரவி ஆபத்து செய்யாது. ஆனால் உதட்டில் வருவது கொப்புளமாக இருந்தால் மிகவும் கவனம் வேண்டும்.

முதலில் உதட்டில் ஓர் இடம் எரியும், குறுகுறுக்கும். மறுநாள் அங்கே சிறு சிறு நீர்க் கொப்புளங்கள் கொத்தாக வரும். பிறகு உடைந்து பொருக்குத் தட்டும். இரண்டு வாரத்துக்குள் ஆறிவிடும். இது ஹெர்ப்பிஸ் என்ற வைரஸால் வருவது. ஒரு முறை உடம்பில் நுழைந்தால் நரம்பில் ஒளிந்திருக்கும். காய்ச்சல், வெயில், தூக்கமின்மை, களைப்பு வந்தால் வெளியே வரும். பிள்ளை பெற்றவளுக்குத் தூக்கம் ஏது? ஆகவே பிரசவத்துக்குப் பின் இது திரும்ப வருவது உண்டு.

பெரியவர்களுக்கு இது சிறு தொல்லை. பிறந்த குழந்தைக்கு இது உயிர் ஆபத்து. முதல் ஒரு மாதம், ஒன்றரை மாதம் வரை குழந்தைக்கு இந்த வைரஸை எதிர்க்கும் பலம் மிகக் குறைவு. கொப்புளம் உள்ள உதட்டால் ஒரு முத்தம் கொடுத்தால் போதும், தொற்றிவிடும். மூளையைத் தாக்கலாம்.

ஆகவே கொப்புளம் உள்ளவர் பச்சைக் குழந்தையை முத்தமிடக் கூடாது. தாயானாலும் சரி, பாட்டியானாலும் சரி, சீர் கொண்டு வந்த தாய்மாமன் ஆனாலும் சரி. "பிள்ளையை முத்தமிட வேண்டாம்" என்று சொல்லத் தாய்க்குக் கூச்சமாக இருக்கலாம். வீட்டில் மூத்தவர் ஒருவர் முன்வந்து சொல்லிவிட்டால் அவளுக்குச் சங்கடம் இல்லை. தாய்க்கே கொப்புளம் இருந்தால் வாயைத் துணியால் மூடிக்கொண்டு, கையைச் சோப்புப் போட்டுக் கழுவி, பால் கொடுக்கலாம். பாலை நிறுத்த வேண்டாம். மார்பில் கொப்புளம் இருந்தால் மட்டும் அந்தப் பக்கம் கொடுக்காமல் மருத்துவரைக் கேட்க வேண்டும்.

பச்சைக் குழந்தைக்குக் காய்ச்சல் வந்தாலோ, பால் குடிக்காமல் துவண்டாலோ, உடம்பில் கொப்புளம் தெரிந்தாலோ, வலிப்பு வந்தாலோ ஒரு மணி நேரம் கூடத் தாமதிக்கக் கூடாது. மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டும். டெய்ரி ஃபார்மில் இருப்பவர்களுக்கு நகரிலேயே கோவிந்த வல்லப பந்த் மருத்துவமனை இருக்கிறது. வீட்டில் யாருக்காவது உதட்டில் கொப்புளம் இருந்ததா என்பதை மருத்துவரிடம் மறக்காமல் சொல்ல வேண்டும். இந்த வைரஸுக்கு மருந்து உண்டு. சீக்கிரம் தொடங்கினால்தான் பலன்.

அட்டையைப் படியுங்கள்

கர்ப்பிணிக்குத் தாய் சேய் பாதுகாப்பு அட்டை கொடுப்பார்கள். அதைப் பெட்டிக்குள் வைத்துப் பூட்ட வேண்டாம். எடுத்துப் படியுங்கள். ஹீமோகுளோபின் என்று ஓர் இடம் இருக்கும். அதற்கு எதிரே ஓர் எண் எழுதியிருப்பார்கள்.

அந்த எண் 11 அல்லது அதற்கு மேல் என்றால் இரத்தம் போதும். 11க்குக் கீழே என்றால் இரத்தசோகை. அப்போது மருத்துவர் மாத்திரையைக் கூட்டிக் கொடுப்பார். தேவையானால் ஊசி வழியாக இரும்பு ஏற்றுவார். 7க்குக் கீழே என்றால் வீட்டில் இருக்கக் கூடாது, மருத்துவமனையில் சேர வேண்டும்.

எண் எழுதாமல் இடம் காலியாக இருந்தால், "ஏன் எழுதவில்லை?" என்று கேளுங்கள். ஒவ்வொரு மாதமும் 9ஆம் தேதி அரசு மருத்துவமனைகளில் கர்ப்பிணிகளை மருத்துவர் இலவசமாகப் பரிசோதிக்கும் திட்டம் 2016 முதல் நடக்கிறது. போகும்போது அட்டையையும் மாத்திரைப் பட்டையையும் கையில் எடுத்துப் போங்கள். கடைவாய்ப் புண் இருந்தால் அதையும் காட்டுங்கள். இது சின்ன விஷயம், இதைப் போய்ச் சொல்வதா என்று தயங்க வேண்டாம். "எத்தனை நாளாக இருக்கிறது? எத்தனை முறை வந்தது?" என்று மருத்துவர் கேட்பார். தேதியைக் குறித்து வைத்திருந்தால் பதில் சொல்வது எளிது.